மாடியில் மட்டும் இருக்கும் சாலை

போன வருடம் ஆடி மாதம். பெரம்பலூர் பைபாஸில் காற்று புழுதியை வாரி வாரி முகத்தில் இறைத்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நான் விமான நிலையத்துக்குள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்று எழுதும்போதே பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. வருடம் ஒன்று ஓடிவிட்டது. கோபம் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

அப்போது எனக்கு வயது நாற்பத்தேழு. அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டியவன். வெள்ளைப் பொடி. சட்டையில், சோற்றில், கண்ணிமையில், கனவில் வெள்ளைப் பொடி. கீழப்பழுவூரில் என் மனைவி ஒருநாள் தலையணையை வாசலில் வைத்துத் தட்டினாள். எழுந்த புகையைக் காட்டி, “ஏங்க, இது பஞ்சா, பொடியா? இன்னமும் அந்தக் குழிக்குத்தான் போவேன்னா சொல்லிடுங்க, நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுறேன்” என்றாள். டாக்டர் இன்னும் சுருக்கமாகச் சொல்லியிருந்தார். குழியை விடு, இல்லையென்றால் மூச்சை விடு.

எனக்குத் தெரிந்தது ஸ்டீயரிங் பிடிக்க மட்டும். அப்போதுதான் பஸ் ஜன்னல் வழியாக அந்தப் பலகையைப் பார்த்தேன். விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டி இழுக்கும் வண்டி, தண்ணீர் வண்டி, படிக்கட்டு வண்டி ஓட்டப் பயிற்சி. மொபைல் கடைக்கு மேலே, முதல் மாடி. கான்கிரீட் தரை, கழுவிவிட்டது போல் சுத்தமான தரை, அதில் நான். நினைப்பே நெஞ்சுக்குள் மூச்சு விட்டது போலிருந்தது.

இங்கே எங்கள் சுரங்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலையில் எந்த டிரைவரும் நேராகப் போய் வண்டியில் ஏற மாட்டான். ஃபோர்மேன் முன்னால் போய் நின்று, “இன்னிக்கு வழி என்னங்க?” என்று கேட்க வேண்டும். அவர் ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழிப்பார். இப்படி இறங்கு, இங்கே திரும்பு, இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதே. ஏனென்றால் நேற்று நாம் போன சாலைக்கு நேற்று சாயங்காலமே வெடி வைத்திருப்பார்கள். நேற்று ரோடு, இன்றைக்குப் பள்ளம். இருபது வருடம் ஓட்டியவனும் கேட்பான், நேற்று சேர்ந்தவனும் கேட்பான். கேட்பதில் யாருக்கும் வெட்கம் இல்லை. கேட்காதவனைத்தான் பைத்தியக்காரன் என்பார்கள்.

மாடி அறையில் முதல் வகுப்பு. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். எனக்கு ஒரு பக்கம் அரும்பாவூர்க்காரர், சின்ன வெங்காய லாரி ஓட்டியவர். இன்னொரு பக்கம் லப்பைக்குடிகாட்டு பாய் ஒருவர், துபாயில் வேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். சுவர் முழுக்க வெள்ளைத் திரை. நிறுவனத்தை நடத்துகிறவரை எல்லோரும் சார் என்றோம், நானும் சார் என்றே எழுதுகிறேன். சார் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டார். திரையில் வானம் விரிந்தது. கீழே நாங்கள் வேலைக்குப் போகப்போகும் அந்தப் பெரிய ஊரின் விமான நிலையம், அப்படியே, கட்டடம் கட்டடமாக. விமானத்தை அவர் இறக்கியபோது அரும்பாவூர்க்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். சக்கரம் தரையைத் தொட்டதும் நாங்கள் கைதட்டினோம். இப்போது நினைத்தால் அந்தக் கைகளை வெட்டிப் போடலாம் போல வருகிறது.

சார் திரும்பினார். “எதாச்சும் சந்தேகமா?”

பழக்கம். நான் எழுந்து நின்றேன். “சார், இன்னிக்கு வழி என்னங்க?”

அறை சிரித்தது. எல்லாரையும் விட சார் அதிகமாகச் சிரித்தார். “அண்ணே எந்த ஊரு?”

“அரியலூரு சுரங்கத்துல ஓட்டுனேன் சார்.”

“அதானே பார்த்தேன். குழி அண்ணே, இது உங்க சுண்ணாம்புக் குழி இல்ல, தினம் ஒரு பக்கம் வெட்டிகிட்டே போறதுக்கு. இது ஏர்போர்ட்டு. கான்கிரீட்டு. ஓடுதளம் எங்கண்ணே எழுந்திரிச்சுப் போவப் போவுது?”

அன்றிலிருந்து எனக்குப் பெயர் குழி. டீ வந்தால் “குழிக்கு ஒண்ணு”. நான் பதில் சொன்னால் “குழி ஆழமா யோசிக்குது”. பாய் மட்டும் குனிந்து, “விடுங்கண்ணே, வேலை கிடைச்சா இவன் மூஞ்சிய யாரு பார்க்கப் போறா” என்பார். நானும் விட்டேன். சிரித்தவர்களோடு சேர்ந்து சிரித்தேன். கேள்வியை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

திரையில் இருந்ததை மனப்பாடம் செய்தோம். ஓடுதளம் இங்கே தொடங்கி இங்கே முடிகிறது, அதன் எண் இது. அது முடிகிற இடத்தில், அதன் முனையைச் சுற்றிக்கொண்டு வண்டிகளுக்கான சாலை வளைகிறது. அந்த வளைவில் போனால் அந்தப் பக்கத்துச் சரக்குக் கொட்டகை. சார் விளையாட்டு ஸ்டீயரிங்கை எங்கள் மடியில் வைத்து அந்தச் சாலையில் ஓட்டவிட்டார். என்ன அழகான சாலை அது! தூசி இல்லை. புல் எப்போதும் பச்சை. காற்று கூட சார் மவுஸைத் தட்டினால்தான் வீசும். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் கண்ணுக்குள் அந்த வளைவு ஓடும். இருமல் வந்தால் அந்த வளைவை நினைத்துக்கொள்வேன், இருமல் அடங்கும். அந்த அளவுக்கு நம்பினேன். பொய்யை மருந்து போலச் சாப்பிட்டேன்.

தேர்வுக்கு அனுப்பும்போது சார் ஒன்று சொன்னார். “அங்க போயி அது தெரியாது, இது எங்க இருக்குன்னு எதையும் கேக்காதீங்க. கேட்டா கத்துக்காம வந்தவன்னு கழிச்சுக் கட்டிடுவாங்க. எல்லாம் தெரியும்னு சொல்லுங்க. என் பேரைக் காப்பாத்துங்க.”

அவர் பெயரை! என் உயிர் போனால் போகட்டும், அவர் பெயரை நான் காப்பாற்ற வேண்டுமாம்.

எங்கள் வகுப்பிலிருந்து முதலில் நான் மட்டும் போனேன். மற்றவர்களில் ஐந்து பேருக்கு அடுத்த திங்கட்கிழமை. விமான நிலையத்தில் தேர்வு எடுத்தவர் ஒரு பெண் அதிகாரி. முப்பது வயதிருக்கும். தோளில் வாக்கிடாக்கி, வெயிலில் கறுத்த முகம். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்திருந்த எங்களை ஓர் அறையில் உட்காரவைத்து, சுவரில் சுருட்டி மாட்டியிருந்த வரைபடத்தைத் தொட்டுக்கொண்டே, “வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி லேஅவுட் ஒரு தடவை பார்க்கணும்னு யாருக்காவது இருக்கா? இல்ல, எல்லாரும் படிச்சுட்டுத்தான் வந்திருக்கீங்களா?” என்று கேட்டார்.

என் கை தானாக உயரப் பார்த்தது. அந்தக் கேள்வி தொண்டை வரை வந்துவிட்டது. இன்னிக்கு வழி என்னங்க. அதே நொடி மாடி அறையின் சிரிப்பும் காதில் கேட்டது. கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. வரைபடம் சுருண்டபடியே இருந்தது.

ஒரு சின்னச் சரக்கு வேன். நான் ஸ்டீயரிங்கில், அவர் பக்கத்தில். ஜன்னல் வழியாக ஆடிக்காற்று உள்ளே வந்தது, உண்மையான காற்று, எண்ணெய் வாசனையோடு. “சரக்குக் கொட்டகைக்குப் போங்கண்ணே” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இதையா கேட்கிறார்? தூக்கத்தில் கூடப் போவேனே. மெதுவாக, விதிப்படி, வண்டி மேல் மஞ்சள் விளக்கு சுற்ற ஓட்டினேன். இடதுபுறம் ஓடுதளம் வெயிலில் பளபளத்துக்கொண்டு கூடவே வந்தது. அதோ வளைவு. திரையில் பார்த்த அதே இடத்தில், அதே இடது திருப்பம். அவர் குனிந்து வாக்கிடாக்கியில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரும்பினேன்.

கொஞ்ச தூரத்தில் ஒரு சிவப்புப் பலகை. வெள்ளை எழுத்தில் ஓர் எண். திரையில் அங்கே பலகையே கிடையாது. அந்த எண்ணும் சார் சொல்லிக்கொடுத்த எண் இல்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்க்காரன் மட்டும் செய்யக்கூடிய தப்பைச் செய்தேன். எங்கள் சுரங்கத்தில் சிவப்புப் பலகையில் வெள்ளை எண் எழுதியிருந்தால், அது வேறொரு காண்டிராக்டரின் பள்ளத்துக்கு வைத்த பெயர். நம் வண்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, பார்த்தும் பார்க்காமல் தாண்டிப் போகலாம். இங்கேயும் யாரோ கட்டட வேலை செய்கிறார்கள், அவர்கள் நட்ட பலகை என்று நினைத்துக்கொண்டேன். விமான நிலையத்தில் சிவப்பில் வெள்ளை எண் என்றால் ஒரே அர்த்தம்: இதற்கு மேல் ஓடுதளம், நில். அந்த மாடி அறையில் இதை ஒருவரும் ஒருநாளும் சொல்லவில்லை. திரை சரியென்றும், கண்ணெதிரே நட்டு வைத்திருக்கும் பலகை தப்பென்றும் நம்பியவன் நான்.

கை பிரேக்கை அவர் இழுத்தார். இழுத்த வேகத்தில் வேன் ஒருபக்கமாகத் திரும்பி நின்றது. “அண்ணே!” என்ற ஒரு சத்தம், அவ்வளவுதான். வலதுபுறத்திலிருந்து வானம் இடிந்து விழுவது போல ஒன்று வந்தது. எங்களுக்கு முன்னால், நான் சாலை என்று நினைத்த இடத்தில், ஒரு விமானம் தரையைத் தொட்டு உறுமிக்கொண்டு ஓடியது. வேன் குலுங்கியது. கண்ணாடி அதிர்ந்தது. ஜன்னல்களில் முகங்கள் இருந்தன. யாரோ வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நான் இருந்ததே தெரியாது.

என் கைகள் ஸ்டீயரிங்கை விடவில்லை, விடச் சொன்னாலும் அவற்றுக்குக் கேட்கவில்லை. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வாக்கிடாக்கியில் நடந்ததைச் சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் வாயருகே கொண்டுவந்தார். “குடிங்கண்ணே. மொதல்ல குடிங்க.” பாட்டில் என் பல்லில் இடித்தது இன்னும் நினைவிருக்கிறது. பின்பு இறங்கிச் சுற்றி வந்து, என்னைப் பக்கத்து இருக்கைக்கு நகர்த்தி, தானே வண்டியைத் திருப்பி ஓட்டினார்.

அறைக்கு வந்ததும் சுருட்டியிருந்த வரைபடத்தை விரித்தார். ஓடுதளம் அந்த முனையில் முடியவே இல்லை. நீண்டு போயிருந்தது. பெரிய விமானங்கள் வரத் தொடங்கியதும் அதை நீட்டிவிட்டார்களாம். முனையைச் சுற்றிப் போன பழைய சாலையின் மேலேயே ஓடுதளம் ஏறிப் படுத்துக்கொண்டது. வேலை செய்யும் வண்டிகளுக்காக மிச்சம் வைத்திருந்த துண்டில்தான் நான் திரும்பியிருக்கிறேன். புதுச் சாலை இன்னும் தள்ளி, வேறொரு வளைவில் போகிறது.

“அந்த நம்பர்?” என்று கேட்டேன்.

“அதுவும் மாறிடுச்சு. ஓடுதளத்துக்குத் திசைகாட்டியப் பார்த்துத்தான் நம்பர் வைப்பாங்க. முள்ளு காட்டுற வடக்கு கொஞ்சங் கொஞ்சமா நகருதுண்ணே. ரொம்ப நகர்ந்துட்டா பழைய நம்பரை அழிச்சுட்டுப் புதுசா எழுதுவோம்.”

வடக்கே நகர்கிறது. நான் யாரை நம்பி நின்றேன் பாருங்கள்!

“எங்களுக்கே தினமும் காலையில பேப்பர் வரும்” என்றார். “இன்னிக்கு எந்தப் பாதை மூடியிருக்கு, எது திறந்திருக்குன்னு. அதைப் படிக்காம யாரும் சாவியத் தொட மாட்டோம்.”

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தேழு வயதில், ஒரு பெண் முன்னால், மூக்கு ஒழுக. எங்கள் ஃபோர்மேன் மண்ணில் கிழிக்கும் கோடுதானே அது! எனக்குத் தெரிந்த ஒரே நல்ல பழக்கத்தை இதே இடத்துக்கு வருவதற்காகத்தான் நான் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். விளையாட்டையும் திரையையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. “நானும் அதை வீட்ல விளையாடுவேன்ணே. நல்ல விளையாட்டு. அந்தப் படத்தை வரைஞ்ச அன்னிக்கு இந்த இடம் அப்படித்தான் இருந்திருக்கும். அதுக்கப்புறம் படம் அப்படியே நின்னுடுச்சு, தரை நிக்கல. அதை வெச்சுப் பாடமா எடுக்குறாங்க?” பிறகு தாளில் எழுதினார். “உங்களை ஃபெயில் போடுறேன். போட்டே ஆகணும். ஆனா அடுத்த மாசம் திரும்பி வாங்க. வந்ததும் மொதல்ல இந்த மேப்பைக் காட்டச் சொல்லிக் கேளுங்க. கேக்குறவங்களை நாங்க கழிக்க மாட்டோம்.”

திரும்பும் பஸ்ஸில் பாய்க்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். “யா அல்லா” என்றார். “திங்கக்கிழமை நாங்க அஞ்சு பேரு போறோமேண்ணே.” அந்த ஐந்து பேர்தான் எனக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தார்கள். வீட்டுக்குப் போகவில்லை. பெரம்பலூரிலேயே இறங்கி மாடிப்படி ஏறினேன். படி ஏறி முடிப்பதற்குள் மூன்று முறை நின்று இருமினேன்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. திரையில் அதே விமானம், அதே முனை, அதே வளைவு. நான் நேராகப் போய்த் திரையில் அந்த வளைவின் மேல் கையை வைத்தேன். “இந்த ரோடு இல்ல. இது இப்ப ஓடுதளம். இதுல போனா சாவுதான்.”

சார் எழுந்தார். “குழி அண்ணே, பாஸா ஃபெயிலா?”

“ஃபெயிலு.”

“அதானே. ஆடத் தெரியாம மேடை மேல குத்தம் சொல்லிகிட்டு... இறங்குங்க, கிளாஸ் நடக்குது.”

“சார், ஓடுதளத்தை நீட்டிட்டாங்க. நம்பரும் மாறிடுச்சு. படத்தை மாத்துங்க, இல்ல படத்தை நிறுத்துங்க.”

“புதுப் படம் இந்தக் கம்ப்யூட்டர்ல ஓடாது. ஒரு முனை கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தா என்ன இப்போ? மத்ததெல்லாம் சரியாத்தானே இருக்கு?”

கொஞ்சம் முன்னப் பின்ன! அந்தக் கொஞ்சத்தில்தான் நான் நின்றிருந்தேன். அந்தக் கொஞ்சத்தில்தான் அத்தனை ஜன்னல்களும் அத்தனை முகங்களும் கடந்து போயின. என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. கீழே மொபைல் கடைக்காரர் ஏறி வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குப் பேசினேன். சார் என் சட்டையைப் பிடித்தார், நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்க, வரட்டும், அவங்களையும் இந்த ரோட்டுல ஓட்டச் சொல்லுவோம் என்றேன்.

அப்போது பாய் எழுந்தார். சத்தம் போடவில்லை. பாங்கு சொல்லப் பள்ளிவாசலில் எழுவது போல நிதானமாக எழுந்து, “சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்த ஏர்போர்ட்டு உள்ள நீங்க கடைசியா எப்ப போனீங்க?” என்றார்.

சாருக்குக் கேள்வியே புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை. திரையைக் காட்டி, “நான் எதுக்குப் போவணும்? அதான் இங்கயே இருக்குதே” என்றார். அரும்பாவூர்க்காரர் தன் மடியிலிருந்த விளையாட்டு ஸ்டீயரிங்கை மெல்ல எடுத்து மேசை மேல் வைத்தார். ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கினோம்.

கீழே டீக்கடை வாசலில், காற்று மண்ணை அள்ளிக்கொண்டிருக்க, நான் உட்கார்ந்து குச்சியால் கோடு கிழித்தேன். அந்த அதிகாரி காட்டிய வரைபடத்தில் எனக்கு நினைவிருந்த மட்டும். கிழிக்கக் கிழிக்கக் காற்று அழித்தது. “அழியட்டும்ணே” என்றார் பாய். “நீங்க போட்டதையும் நாங்க நம்பப் போறதில்ல. போன உடனே கேட்டுக்கறோம்.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முழுவதும் வந்த ஒரே சிரிப்பு. ஐந்து பேரும் திங்கட்கிழமை போய் முதல் வேலையாகக் கை தூக்கி வரைபடத்தைக் கேட்டார்கள். எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள், நான்கு பேர் தேர்விலும் தேறினார்கள். அடுத்த மாதம் நானும் போய்க் கேட்டேன், தேறினேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் கோபமும் ஆறியிருக்கும். முதல் விடுமுறைக்கு ஊர் வந்தபோது, மொபைல் கடைக்கு மேலே பெரிய ஃபிளெக்ஸ் பேனர். ‘எங்கள் வெற்றி மாணவர்கள்’. நடுவில் சிரித்துக்கொண்டிருப்பது யார்? நான்தான்! சேர்க்கைக்காகக் கொடுத்த போட்டோ. கழற்றச் சொல்லிப் போனேன். “விளம்பரந்தானேண்ணே, உங்களுக்கும் பெருமை” என்றார் சார். குழி போய் மறுபடி அண்ணன் ஆகியிருந்தேன். ஜன்னல் வழியே திரை தெரிந்தது. புதிய முகங்கள். விமானம் இறங்கியது. கைதட்டல் கேட்டது. நானே என் கையால் அந்தப் பேனரைக் கிழித்தேன். அடுத்த விடுமுறைக்கு வந்தபோது புதிதாக ஒன்று கட்டியிருந்தார்கள், அதிலும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இருமல் குறைந்திருக்கிறது. தினமும் வேலை தொடங்கும் முன் அன்றைய தாளைப் படிக்கிறேன். படித்த பிறகும் அந்த அதிகாரி எதிரே வந்தால், “இன்னிக்கு வழி என்னங்க?” என்று வாய்விட்டுக் கேட்கிறேன். அவரும் சளைக்காமல் சொல்கிறார். போன வாரம், நான் திரும்பி நின்ற அந்தப் பழைய சாலைத் துண்டைக் கூட இயந்திரம் வைத்துப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். மண் கொட்டிப் புல் பதித்தாகிவிட்டது. நான் சாகவிருந்த அந்தச் சாலை இந்தப் பூமியில் இன்று எங்கேயும் இல்லை, பெரம்பலூரில் ஒரு மாடி அறையைத் தவிர. அங்கே அது இன்னும் தூசியில்லாமல், அழகாக, யாரையோ எதிர்பார்த்து வளைந்து கிடக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம், இந்தக் கோபம் எனக்கு ஆறவே கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.